திறந்த தொட்டியில் மின்சாரம்: பிக்கப் வண்டியில் மழை தாங்கும் சாக்கெட் அமைப்பது பற்றிய ஆய்வு

அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும் கனடாவிலும் பிக்கப் டிரக் என்று வழங்கும் வண்டி, முன்பகுதியில் மூடிய ஓட்டுநர் அறையும் பின்பகுதியில் கூரையில்லாத சுமைத்தொட்டியும் கொண்டது. தச்சரும் கூரை போடுவோரும் பண்ணையாளரும் அதையே நடமாடும் பட்டறையாக வைத்துக்கொள்வதால், கம்பத்து மின்சாரம் எட்டாத இடங்களில் அந்தத் தொட்டியிலேயே வீட்டில் உள்ளதைப் போன்ற ஒரு பிளக் பாயிண்ட் வேண்டும் என்ற விருப்பம் நெடுநாளாக இருந்துவருகிறது. அத்தகைய சாக்கெட்டுடன் தொழிற்சாலையிலிருந்தே வெளிவரும் வண்டிகள் இன்று உண்டு என்றாலும், அது இல்லாத வண்டிகளின் உரிமையாளர்கள் பலர் தாமே அதைப் பொருத்திக்கொள்ள முனைகின்றனர். அம்முயற்சிகளில் கவனம் முழுவதும் மழைநீரைத் தடுக்கும் மேல்மூடியின் மீதே குவிவது வழக்கம். மூடி தேவையானதே, எனினும் இன்வெர்ட்டர் எங்கே அமர்கிறது, நியூட்ரல் கம்பி வண்டியின் உடலோடு எவ்வாறு இணைகிறது, பெட்டியின் பின்புறத்தில் கேபிள் எப்படி நுழைகிறது ஆகிய மூன்றுமே சாக்கெட்டின் ஆயுளையும் அதைத் தொடுவோரின் உயிரையும் தீர்மானிக்கின்றன என்பதையும், இம்மூன்றும் மூடிக்கு உட்புறம் மறைந்திருப்பதால்தான் புறக்கணிக்கப்படுகின்றன என்பதையும் நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கம்.

அமெரிக்கக் கார்களின் மின்னமைப்பு 1950களின் நடுப்பகுதியில் 6 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு மாறியது. 1960ஆம் ஆண்டு மாதிரியாக வந்த வேலியன்ட் காரில் கிரைஸ்லர் நிறுவனம் பழைய டைனமோவுக்குப் பதிலாக ஆல்டர்னேட்டரைப் பொருத்தியது. எஞ்சின் மெதுவாகச் சுழலும்போதும் பயன்படத்தக்க மின்னோட்டத்தைத் தரும் ஆல்டர்னேட்டர் பரவிய பிறகே வண்டியிலிருந்து வெளிக் கருவிகளுக்கு மின்சாரம் எடுப்பது நடைமுறைக்கு உகந்ததாயிற்று. ஆயினும் நீண்ட காலத்திற்குப் பயணிகளுக்குக் கிடைத்த ஒரே வெளிவழி, சிகரெட் பற்றவைக்கும் சுருளைச் சூடாக்குவதற்கென வடிவமைத்த 12 வோல்ட் குழிதான். ஜெனரல் மோட்டார்ஸ் 2004ஆம் ஆண்டையொட்டி வெளியிட்ட கலப்பின சில்வராடோ, 42 வோல்ட் அமைப்பைக் கொண்டு 2.4 கிலோவாட் வரை 120 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தை நான்கு சாக்கெட்டுகளில் அளித்தது. அவற்றில் இரண்டு சுமைத்தொட்டியில் இருந்தன. கட்டடத் தொழிலாளரை மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட அவ்வண்டி அதிகம் விற்கவில்லை என்றாலும், பின்னால் வந்தவற்றுக்கு முன்மாதிரி அதுவே என்று கொள்வதில் தவறில்லை. டொயோட்டா டகோமாவின் இரண்டாம் தலைமுறையில் கிடைத்த 400 வாட் சாக்கெட், வண்டி ஓடும்போது 100 வாட்டுக்கு மேல் தராமல் தன்னைக் கட்டுப்படுத்திக்கொண்டது. ஃபோர்டு நிறுவனம் 2021ஆம் ஆண்டு மாதிரி எஃப்-150இல், பெட்ரோல் வண்டிக்கு 2 கிலோவாட்டும் கலப்பின வண்டிக்கு 2.4 அல்லது 7.2 கிலோவாட்டும் தரும் அமைப்பைக் கொண்டுவந்தது. மின்கலத்தில் மட்டுமே ஓடும் லைட்னிங் வண்டியில் இது 9.6 கிலோவாட்டாக உயர்ந்தது. 2021 பிப்ரவரியில் டெக்சாஸ் மாநிலத்தில் கடும்பனியால் மின்வழங்கல் குலைந்தபோது, விற்பனைக்கு வைத்திருந்த அத்தகைய வண்டிகளை மக்களுக்கு இரவலாகக் கொடுக்குமாறு அந்நிறுவனம் தன் முகவர்களைக் கேட்டுக்கொண்டது. பிக்கப்பின் பின்தொட்டியில் உள்ள சாக்கெட், குளிரில் ஒரு வீட்டைக் காக்கும் கருவியாகவும் ஆக முடியும் என்பது அப்போது பரவலாக உணரப்பட்டது.

தானே பொருத்திக்கொள்பவர் முதலில் விடைகாண வேண்டிய கேள்வி எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்பது. ஏழேகால் அங்குல வட்டரம்பம் 15 ஆம்பியர், அதாவது 1800 வாட் வரை இழுக்கும். அதன் மோட்டார் சுழலத் தொடங்கும் நொடியில் அதைப்போலப் பல மடங்கு மின்னோட்டம் பாயும். ஆனால் இன்றைய தச்சர்களில் பெரும்பாலோர் மின்கலத்தில் இயங்கும் துளைக்கருவிகளுக்கும் ரம்பங்களுக்கும் மாறிவிட்டதால், தொட்டியில் அவர்களுக்குத் தேவைப்படுவது அந்த மின்கலங்களை வண்டி ஓடும்போதே சார்ஜ் செய்யும் வசதிதான். அதற்குச் சில நூறு வாட் போதும். 2000 வாட் இன்வெர்ட்டரை வாங்கிப் பொருத்தும் முன் இந்த மாற்றத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்வது செலவையும் இடரையும் ஒருசேரக் குறைக்கும்.

இன்வெர்ட்டர் என்பது மின்கலத்தின் 12 வோல்ட் நேர்த்திசை மின்சாரத்தை 120 வோல்ட் மாறுதிசை மின்சாரமாக மாற்றும் கருவி. அதை மின்கலத்துக்கு அருகில் வைத்து 120 வோல்ட் கம்பியைத் தொட்டிக்கு இழுப்பதா, தடித்த 12 வோல்ட் கம்பியைத் தொட்டிவரை இழுத்து அங்கே இன்வெர்ட்டரை வைப்பதா என்பதே வேலையின் மற்ற எல்லாவற்றையும் நிர்ணயிக்கும் முடிவு. 1000 வாட் தேவைப்படும் ஒரு கருவியை எடுத்துக்கொண்டால், 90 விழுக்காடு திறனுள்ள இன்வெர்ட்டர் 12 வோல்ட்டில் ஏறத்தாழ 93 ஆம்பியர் இழுக்கும். எஞ்சின் அறையிலிருந்து தொட்டிக்கு 5 மீட்டர் தொலைவு எனக் கொண்டால் போகவும் வரவும் 10 மீட்டர் செம்புக் கம்பி வேண்டும். 21 சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள, விரல் தடிமனான கேபிளைப் போட்டாலும் வழியில் முக்கால் வோல்ட் இறங்கிவிடும், 70 வாட் வெப்பமாக வீணாகும். 12இல் முக்கால் என்பது ஆறு விழுக்காட்டுக்கும் மேல். அதே 1000 வாட்டை 120 வோல்ட்டில் அனுப்பினால் மின்னோட்டம் 8.3 ஆம்பியர்தான், வீட்டு வயரிங்கில் எல்லோரும் அறிந்த 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியிலேயே இறக்கம் அரை விழுக்காட்டை எட்டாது, வெப்பமாகப் போவது 5 வாட் அளவுதான். ஆகவே குறைந்த மின்னழுத்தம் பயணிக்கும் தூரத்தைச் சுருக்கி, உயர்ந்த மின்னழுத்தத்தை நெடுந்தூரம் விடுவதே முறை. நகரங்களுக்கு மின்சாரத்தை உயரழுத்தக் கம்பிகளில் கொண்டுசெல்வதற்கான காரணமே ஐந்து மீட்டர் வண்டிக்குள்ளும் செயல்படுகிறது.

அப்படியானால் இன்வெர்ட்டர் எஞ்சின் அறைக்குள் மின்கலத்தை ஒட்டியே அமரலாமே என்று தோன்றும். ஆனால் அங்குள்ள வெப்பம் அதற்குப் பகை, பல இன்வெர்ட்டர்கள் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் முழுத் திறனைத் தருவதில்லை. தொட்டியில் வைத்தால் மழையும் புழுதியும் சேரும். காற்றோட்டம் இல்லாத பெட்டியில் அடைத்து மழையைத் தடுத்தால் கருவி தன் வெப்பத்தாலேயே நின்றுபோகும். இவ்விரண்டுக்கும் இடையில் ஓட்டுநர் அறையின் பின்னிருக்கைக்கு அடியிலோ பின்னாலோ உள்ள இடமே அனுபவமுள்ளோர் மிகுதியாகத் தேர்ந்தெடுப்பது: அது உலர்ந்தது, பயணிகளுக்கு வேண்டிய குளிர்காற்று அங்கும் எட்டும், அங்கிருந்து தொட்டியின் முன்சுவருக்கு ஒரு மீட்டர் தூரம்கூட இராது. அலையின் வடிவமும் பார்க்கத்தக்கது. படிப்படியாக ஏறி இறங்கும் திருத்திய சைன் அலையைத் தரும் மலிவான இன்வெர்ட்டர்களில் சில மின்கலச் சார்ஜர்கள் சூடேறிப் பழுதாவதுண்டு. சார்ஜ் செய்வதே முதன்மை நோக்கம் என்பதால் தூய சைன் அலைக் கருவிக்குக் கூடுதலாகச் செலவிடுவது இங்கு நியாயமானது.

எஞ்சினை நிறுத்திவிட்டு மின்சாரம் எடுக்கும் பழக்கம் பல வண்டிகளைக் காட்டில் நிறுத்தியிருக்கிறது. 70 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள மின்கலத்தில் பாதியைச் செலவிட்டால் 420 வாட்-மணி கிடைக்கும். இன்வெர்ட்டரின் இழப்பையும் கணக்கிட்டால், 400 வாட் கருவி ஒரு மணி நேரம்கூட ஓடாது. எஞ்சினைக் கிளப்புவதற்கான மின்கலம் குறுகிய நேரத்தில் பெருமின்னோட்டம் தருவதற்கென்றே மெல்லிய தகடுகளால் ஆனது, ஆழமாக வடிக்கப்பட்டால் விரைவில் கெடும். பல இன்வெர்ட்டர்கள் 10.5 வோல்ட்டில்தான் தாமாக நிற்கின்றன. அதற்குள் எஞ்சினைக் கிளப்பும் வலு மின்கலத்தில் இருக்காது. எனவே எஞ்சின் ஓடும்போது மட்டும் இணையும் ரிலேயோ, 12 வோல்ட்டை ஒட்டித் துண்டிக்கும் தனிக் கருவியோ அவசியம். எஞ்சின் ஓடினாலும் வரம்பு உண்டு: ஆல்டர்னேட்டரின் மீது எழுதியுள்ள ஆம்பியர், வேகமாகச் சுழலும்போது தருவது, நின்ற வண்டியில் அதில் பாதியளவோ அதற்கும் குறைவோதான் கிடைக்கும். மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிட்டு மின்சாரம் எடுப்பது கார்பன் மோனாக்சைடு நச்சால் உயிரைப் பறிக்கும் என்பதையும் இங்கேயே சொல்ல வேண்டும்.

மின்கலத்திலிருந்து புறப்படும் தடித்த கம்பிக்கு ஃபியூஸ் இல்லாவிட்டால், அது எங்காவது இரும்பில் உராய்ந்து தொட்ட நொடியில் பல நூறு ஆம்பியர் பாய்ந்து தீப்பிடிக்கும். படகுகளுக்கான அமெரிக்க நெறிமுறை இந்த ஃபியூஸ் மின்கலத்திலிருந்து 7 அங்குலத்துக்குள், அதாவது ஏறத்தாழ 18 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்கிறது. வண்டிக்கும் அதைப் பின்பற்றுவது நல்லது, ஏனெனில் ஃபியூஸ் காப்பது தனக்கு அப்பால் உள்ள கம்பியை மட்டுமே. எதிர்முனைக் கம்பியில் வேறொரு நுட்பம் இருக்கிறது. இக்கால வண்டிகள் பலவற்றில் மின்கலத்தின் எதிர்முனையில் மின்னோட்டத்தை அளக்கும் உணரி பொருத்தப்பட்டிருப்பதால், புதிய கம்பியை நேராக அந்த முனையில் கட்டினால் வண்டியின் கணினி அந்தச் செலவை அறியாது, மின்கலம் நிறைந்திருப்பதாகவே எண்ணிக்கொள்ளும். வண்டியின் அடிச்சட்டத்தில் அதற்கென உள்ள இணைப்புப் புள்ளியில் கட்டினால் இச்சிக்கல் எழாது. 2015 மாதிரி முதல் எஃப்-150இன் உடல் அலுமினியத்தால் ஆனது, டகோமாவின் தொட்டி நார் கலந்த பிளாஸ்டிக்கால் ஆனது. முன்னதில் செம்பு முனையை நேரடியாகத் திருகினால் ஈரம் படும்போது இரு உலோகங்களுக்கிடையே மின்வேதி அரிப்பு தொடங்கும். பின்னதில் தொட்டிச் சுவரில் எர்த் கொடுப்பதற்கே பொருளில்லை.

மனித உயிரைக் காக்கும் பொறுப்பு, கசிவு மின்னோட்டத்தைக் கண்டு துண்டிக்கும் கருவியுடையது. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் மின்பொறியியல் பேராசிரியராக இருந்த சார்லஸ் டல்சீல், மின்கம்பியைப் பற்றிய கையைத் தானாக விடுவிக்க முடியாமல் போகும் மின்னோட்ட அளவை ஆராய்ந்து, ஆண்களுக்கு அது சராசரி 16 மில்லி ஆம்பியர் என்றும் பெண்களுக்கு 10.5 மில்லி ஆம்பியர் என்றும் கண்டார். அந்த அறிவின் மீது 1961இல் அவர் உருவாக்கிய கருவியே இன்று அமெரிக்கக் குளியலறைகளிலும் தோட்டங்களிலும் கட்டாயமாகியுள்ளது. போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமாக உள்ளனவா என்று ஒரு வளையத்தின் வழியே அது ஒப்பிடுகிறது. 4 முதல் 6 மில்லி ஆம்பியர் வரை வேறுபட்டால், அந்தப் பங்கு யாரோ ஒருவரின் உடல் வழியாகப் போகிறது எனக் கருதி, இமைப்பொழுதில் துண்டிக்கிறது. தமிழ்நாட்டு வீடுகளின் மின்பலகையில் பொருத்தப்படும் இதே வகைக் கருவி பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியரில் செயல்படுவது. அமெரிக்கக் கருவி அதைவிடப் பன்மடங்கு கூருணர்வுடையது.

இக்கருவியைத் தொட்டியில் பொருத்திவிட்டாலே பாதுகாப்பு வந்துவிடும் என்பது பரவலான நம்பிக்கை. வீட்டில் அது உண்மை, ஏனெனில் அங்கே நியூட்ரல் கம்பி மின்பலகையில் எர்த்துடன் பிணைக்கப்பட்டுள்ளது. கசியும் மின்னோட்டம் திரும்பிப்போக வளையத்துக்கு வெளியே ஒரு வழி இருக்கிறது. பல சிறிய இன்வெர்ட்டர்களிலோ வெளிவரும் இரு கம்பிகளும் வண்டியின் உடலோடு எத்தொடர்பும் இன்றி மிதக்கின்றன. மிதக்கும் அமைப்பை ஆதரிப்போரின் வாதம் எளிதில் தள்ளத்தக்கது அன்று: ஒருவர் ஒரு கம்பியை மட்டும் தொட்டால் சுற்று முடிவடையாது, ஆகவே அதிர்ச்சியும் இல்லை. ஆனால் ஈரமான உலோகத் தொட்டியில் ஒரே சாக்கெட்டிலிருந்து இரண்டு கருவிகள் இயங்குவதாகக் கொண்டால் நிலைமை மாறுகிறது. முதல் கருவியின் தேய்ந்த கம்பியில் ஒன்று தொட்டியின் தகட்டைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். அப்போது எதுவும் துண்டிக்காது, யாருக்கும் தெரியவும் தெரியாது. பிறகு ஒருவர் இரண்டாம் கருவியின் மற்றொரு கம்பியைத் தொட்டபடி தொட்டியில் சாய்ந்தால், மின்னோட்டம் அவர் உடல் வழியாகத் தகட்டுக்கும், தகட்டிலிருந்து முதல் கருவியின் கம்பி வழியாகச் சாக்கெட்டுக்கும் திரும்பும். அந்த வழி காப்புக் கருவியின் வளையத்துக்குள்ளேயே செல்வதால், போவதும் வருவதும் சமமாகவே தெரியும், கருவி அசையாது. காப்பு பொருத்திய அமைப்பிலேயே ஒருவர் இறக்கக்கூடும் என்பது இதனால் விளங்கும். எனவே நியூட்ரலை ஒரே ஓரிடத்தில், காப்புக் கருவிக்கு முன்னால், வண்டியின் உடலோடு பிணைத்த அமைப்பே மேலானது என்பது இக்கட்டுரையின் தெளிவான கருத்து.

இப்பிணைப்பைக் கண்ணை மூடிக்கொண்டு செய்வதும் ஆகாது. மலிவான இன்வெர்ட்டர்கள் சிலவற்றில் இரு கம்பிகளும் உடலுக்கு எதிராக 60 வோல்ட் வீதம் ஏந்தியிருக்கும். அவற்றில் ஒன்றை எர்த்தில் கட்டினால் இன்வெர்ட்டர் எரிந்துபோகும். நியூட்ரல் உள்ளேயே பிணைக்கப்பட்டதா, வெளியே பிணைக்கலாமா என்பதைக் கையேட்டில் தெளிவாகக் கூறும் கருவியையே வாங்க வேண்டும். காப்புக் கருவியிலுள்ள சோதனைப் பொத்தானை நம்பி அமைப்பை மதிப்பிடவும் இயலாது: அப்பொத்தான் கருவிக்குள்ளேயே ஒரு செயற்கைக் கசிவை உண்டாக்குவதால், எர்த் இல்லாத அமைப்பிலும் அது துண்டித்துக் காட்டும். எர்த் வழியாகக் கசிவை உண்டாக்கும் வெளிச் சோதனைக் கருவியைச் சாக்கெட்டில் செருகிப் பார்ப்பதே உண்மையைச் சொல்லும். நியூட்ரல் பிணைக்கப்பட்ட வண்டியை, ஏற்கனவே பிணைப்புள்ள வீட்டு வயரிங்கோடு சேர்க்கும்போது இரண்டு பிணைப்புகளால் திரும்பும் மின்னோட்டத்தில் ஒரு பங்கு வளையத்துக்கு வெளியே போவதால், காப்புக் கருவி உடனே துண்டிக்கும். நியூட்ரலையும் சேர்த்து மாற்றும் மாற்றுச் சுவிட்ச் அதற்குத் தீர்வு. இரு முனையிலும் ஆண் பிளக் வைத்த கம்பியால் வீட்டுக்கு மின்சாரம் ஊட்டுவது, தெருக் கம்பத்தில் வேலை செய்யும் மின்பணியாளரைக் கொல்லக்கூடிய செயல்.

நீரைப் பொறுத்தவரை, அமெரிக்கத் தேசிய மின்விதித் தொகுப்பு 2008ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து ஈரம் படும் இடங்களில் வானிலை தாங்கும் வகைச் சாக்கெட்டைக் கோருகிறது. அரிப்பைத் தாங்கும் பூச்சுள்ள உலோகப் பாகங்களும் வெயிலில் நொறுங்காத பிளாஸ்டிக்கும் அதன் அடையாளம். மழை நேராகப் படும் இடங்களில் பிளக் செருகியிருக்கும்போதும் மூடத்தக்க உறையையும் அது கேட்கிறது. மோட்டார் வண்டிகள் அத்தொகுப்பின் ஆட்சிக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தாலும், வீட்டுத் தோட்டத்துக்கே வேண்டும் என்று கண்ட காப்பைச் சேறும் உப்பும் அதிர்வும் கூடிய தொட்டிக்கு வேண்டாம் என்று கருத இடமில்லை. நடைமுறையில், செருகிய பிளக்கையும் சேர்த்து மூடும் குமிழ் வடிவ உறை தொட்டிக்குள் துருத்திக்கொண்டு நின்று முதல் மரக்கட்டை ஏற்றும்போதே உடையும். அதனால் பொருத்துவோர் பலர் சுவரோடு சமமாக அமரும், வில்சுருள் மூடியுள்ள சாக்கெட்டை நாடுகின்றனர். அது மூடியிருக்கும்போது மட்டுமே நீரைத் தடுக்கும் என்பதை அவர்கள் ஏற்றாக வேண்டும். சுவரில் சற்று உள்வாங்கிய சிறு குழியை அமைத்து அதற்குள் குமிழ் உறையை வைப்பது வேலை கூடுதலானாலும் இரு பயனையும் தரும்.

பெட்டிகளின் மீது காணும் ஐபி எண்ணில் முதல் இலக்கம் தூசியையும் இரண்டாம் இலக்கம் நீரையும் குறிக்கும்; ஐபி67 என்றால் ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று பொருள். இது தொட்டிக்கு மிகை என்று தோன்றலாம். ஆனால் கோடை வெயிலில் நின்ற வண்டியின் சாக்கெட் பெட்டிக்குள் காற்று 60 டிகிரிவரை சூடேறி, திடீர் மழையில் 25 டிகிரிக்குக் குளிர்வதாகக் கொண்டால், முழுதும் அடைபட்ட பெட்டிக்குள் அழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறையும். அந்தக் குறைவு ஒரு மீட்டர் உயர நீர்த்தம்பத்தின் அழுத்தத்துக்கு ஈடானது. பெட்டி தன் மேல் வழியும் நீரை ரப்பர் விளிம்பின் நுண்ணிய இடுக்குகள் வழியே உள்ளே உறிஞ்சிக்கொள்கிறது. நாள்தோறும் இப்படி மூச்சு வாங்கும் பெட்டி, வெளியே எந்தக் குறையும் தெரியாமலே உள்ளே நீர் தேக்கும். காற்றை விட்டு நீரைத் தடுக்கும் நுண்துளைப் படலம் ஒன்றைப் பெட்டியில் பொருத்துவதோ, அடிப்புறத்தில் சிறு வடிகால் துளை விடுவதோ இதற்கான மருந்து. சிலிக்கானைப் பூசிப் பூசி அடைப்பது நோயை முற்றவைக்கும்.

கேபிள் பெட்டிக்குள் மேலிருந்து நுழையக் கூடாது. கீழிருந்து, கேபிள் கிளாண்டு எனப்படும் இறுக்கும் வளையத்தின் வழியாக, நுழைவதற்கு முன் ஒருமுறை தாழ்ந்து வளைந்து ஏற வேண்டும். கம்பியோடு வழிந்துவரும் நீர் அந்த வளைவின் அடியில் சொட்டிப் போய்விடும். வீட்டுச் சுவருக்கான ஒற்றை இழைக் கம்பி அதிர்வால் களைத்து ஒடியுமாதலால், பல மெல்லிழைகள் கொண்ட, படகுகளில் பயன்படுத்தும் வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பியே ஏற்றது. ஓட்டுநர் அறையும் தொட்டியும் சட்டத்தின் மீது தனித்தனியாக அமர்ந்து மேடுபள்ளங்களில் வெவ்வேறாக அசைவதால், இரண்டுக்கும் நடுவே கேபிள் தளர்வாக இருக்க வேண்டும். புகைக்குழாயையும் எரிபொருள் குழாயையும் விட்டு அது விலகியே செல்ல வேண்டும். சுவரில் வெட்டிய துளையின் விளிம்புக்கு உடனே துத்தநாகப் பூச்சு தராவிட்டால், குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் வட மாநிலங்களில் துரு அங்கிருந்தே பரவும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தொட்டியின் தரையில் படியும். பெட்ரோல் கேன்கள் ஏற்றும் வண்டியில் சாக்கெட் சுவரின் மேற்பகுதியில் இருப்பது இதனாலும் பொருத்தம்.

இவ்வளவு வேலையும் வேண்டாம் என்போருக்கு இரண்டு மாற்றுவழிகள் உள்ளன. ஆஸ்திரேலியாவில் யூட் எனப்படும் வண்டிகளின் தொட்டிக்கு 12 வோல்ட்டையே கொண்டுசென்று, இறுகப் பற்றும் ஆண்டர்சன் இணைப்பானில் முடிக்கின்றனர். 50 வாட் அளவே வேண்டும் குளிர்பெட்டிக்கு அது போதுமானது, அதிர்ச்சி அபாயமும் இல்லை. அமெரிக்க வண்டிகளில் இழுவை வண்டிக்கென வைத்துள்ள ஏழுமுனை இணைப்பில் ஏற்கனவே ஒரு 12 வோல்ட் முனை இருப்பதால், சிறிய தேவைக்கு எஞ்சின் அறைவரை போகவேண்டிய அவசியமே எழாது. மற்றொன்று, மின்கலமும் இன்வெர்ட்டரும் ஒரே பெட்டியில் அடங்கிய கையடக்க மின்நிலையம். அது ஓட்டுநர் அறையில் உலர்வாக இருந்து, வேலையிடத்தில் மட்டும் வெளியே வரும். ஆண்டில் சில நாட்களே மின்சாரம் தேவைப்படுவோர் வண்டியில் துளையிடுவதற்குப் பதிலாக இதையே நாடலாம். நாள்தோறும் சார்ஜர்கள் ஓடும் வேலைவண்டிக்கு மட்டுமே நிலையான சாக்கெட் தன் செலவை ஈடுகட்டும்.

அப்படிப் பொருத்திய வண்டியில் முதல் குளிர்காலம் கழிந்ததும் சாக்கெட்டைக் கழற்றி அதன் பின்முகத்தைப் பார்க்க வேண்டும். பித்தளைத் திருகுகளில் பச்சைப் படிவு தெரிந்தால் நீர் கேபிள் வழியாகவோ பெட்டியின் மூச்சு வழியாகவோ வந்திருக்கிறது. முன்மூடியை மாற்றுவதால் அது நிற்காது, கிளாண்டையும் வடிகாலையும்தான் சரிசெய்ய வேண்டும்.